கேசட்டில் இருந்த அணை

யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அந்த ஆசிரியரிடம் நான் கணக்குப் படித்தவன். கணக்கைப் போட்டு முடித்ததும், அது ஊரில் எங்கே ஓடுகிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வா என்பார். ஆகவே நானும் ஒரு கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் மேட்டூர் அணை நிரம்பி 120 அடியில் நிற்கிறது. உள்ளே 93.47 டி.எம்.சி. தண்ணீர். ஜூன் 12 அன்று மதகைத் திறந்து வினாடிக்கு 12,000 கன அடி விடுகிறோம். மேலேயிருந்து ஒரு சொட்டும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாளைக்கு 86,400 வினாடி. பெருக்கினால் நாளொன்றுக்கு ஒரு டி.எம்.சி.க்குச் சற்றுக் கூடுதலாகப் போகிறது. தொண்ணூறு நாள். செப்டம்பர் பத்தாம் தேதி அணை தரை தட்டிவிடும். டெல்டாவுக்கோ ஜனவரி 28 வரை தண்ணீர் வேண்டும்.

1986இல் இந்தக் கணக்கைப் போட்டது பதினாறு வயதுப் பையன் ஒருவன். தாளில் போடவில்லை, கணினியில் போட்டான். அந்த நிரல் இன்று உலகில் எங்கும் இல்லை. அது ஏன் இல்லாமல் போனது, அதே காலத்தில் அதே வகை இயந்திரத்துக்கு எழுதிய வேறு நிரல்கள் எப்படி ஓர் எழுத்துக்கூடச் சிதையாமல் இருக்கின்றன என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அப்போது நான் இந்த மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இளம் கணித ஆசிரியன். 1984-85இல் மத்திய அரசின் மின்னணுத் துறையும் என்.சி.இ.ஆர்.டி.யும் சேர்ந்து 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கின. முதல் கட்டத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 250 பள்ளிகள்; பிறகு இன்னும் பல. பள்ளிகளுக்கு வந்தது பிபிசி மைக்ரோ என்ற கணினி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகான் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்டது. பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனம் தொலைக்காட்சி வழியாக மக்களுக்குக் கணினி கற்பிக்க ஒரு தொடர் எடுத்தது; அதற்காகவே உருவான பெட்டி இது. வெளிர் மஞ்சள் பெட்டி, கறுப்புச் சாவிகள், மேல் வரிசையில் செம்மஞ்சள் நிறத்தில் பத்துச் சாவிகள். நினைவகம் 32 கிலோபைட். இன்று காலை உங்கள் கைப்பேசிக்கு வந்த வணக்கப் படம் ஒன்றே அதைவிடப் பெரிது.

எங்கள் பள்ளிக்கு இரண்டு வந்தன. அறைக்குத் திரைச்சீலை போட்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். முப்பத்தைந்து பிள்ளைகள், இரண்டு கணினி. முதல் மாதம் முழுக்கத் தங்கள் பெயரைத் திரையில் நூறு முறை அச்சிடச் செய்து மகிழ்ந்தார்கள். அதன்பின் ஒருநாள் அந்தப் பையன் வந்தான். அவன் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். "சார், அப்பா தினமும் காலைல எட்டு மணிக்கு அளவு பாத்துட்டு வந்து சொல்றாருங்க. அத வச்சு இன்னும் எத்தன நாளைக்குத் தண்ணி வரும்னு இது சொல்லுமாங்க?" என்றான்.

சொல்லும், ஆனால் நீதான் சொல்லித்தர வேண்டும் என்றேன். இரண்டு மாதம் ஆயிற்று. அடியை டி.எம்.சி.யாக மாற்றுவதில்தான் முதலில் மாட்டிக்கொண்டான். அணை என்ன நேர்ச்சுவர் வைத்த தொட்டியா? மேலே போகப் போக விரிகிறது. அடியில் ஓர் அடி உயர்ந்தால் கொஞ்சம் தண்ணீர். உச்சியில் ஓர் அடி உயர்ந்தால் வெகுவாகத் தண்ணீர். அப்பாவின் நோட்டிலிருந்து கொள்ளளவு அட்டவணையை எழுதிவந்து வரி வரியாக உள்ளிட்டான். பிறகு படம் வரைய ஆசைப்பட்டான். திரையில் நான்கு நிறம் கொண்ட ஒரு முறை உண்டு. அதில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளைதான் தானாக வரும். தண்ணீர் சிவப்பாக நின்றது. சிவப்பை நீலமாக மாற்றும் கட்டளையைக் கையேட்டில் தேடிக் கண்டுபிடித்தோம். நாள் எண் ஓட ஓட, பதினாறு கண் மதகுக்கு இந்தப் பக்கம் நீலம் அங்குலம் அங்குலமாக இறங்கும். தொண்ணூறாவது நாளில் திரை கறுத்ததும் வகுப்பே அமைதியாகிவிட்டது. கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் வடகிழக்குப் பருவமழையும் இல்லாமல் நம் அணை தனியாக ஒன்றும் செய்ய முடியாது என்பதை அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். புவியியல் பாடத்தில் அதை நாங்கள் எத்தனை முறை சொல்லியிருப்போம்!

நிரலைக் கேசட்டில் பதிந்தோம். பாட்டுக் கேட்கும் அதே கேசட், அதே டேப் ரெக்கார்டர். இந்த முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் சொல்லப்போவது இதைச் சார்ந்தது. கணினிக்குள் எல்லாமே சுழியும் ஒன்றும். பிபிசி மைக்ரோ சுழியை எழுத வேண்டுமானால் வினாடிக்கு 1,200 அதிர்வுள்ள ஒலியில் ஓர் அலை பாடும். ஒன்றை எழுத 2,400 அதிர்வுள்ள ஒலியில் இரண்டு அலை பாடும். கேட்பவருக்கு அது கீச்சென்ற இரைச்சல். திரும்பப் போட்டால் கணினி அந்த இரைச்சலைக் கேட்டு நிரலாக மாற்றிக்கொள்ளும். ஆக, எங்கள் அணை முழுவதும் சுமார் ஒரு நிமிட நேரக் கீச்சொலியாக ஒரு கேசட்டில் இருந்தது.

கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் காதுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறொன்றைப் பதிய முடியாது. நான் உடைக்கவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்கு எடுத்துப்போன கேசட்டில் மாரியம்மன் பண்டிகைக்காக யாரோ பக்திப் பாடல்களைப் பதிந்துவிட்டார்கள். அவர்கள்மேல் தவறில்லை, அவர்களுக்கு அது ஏற்கெனவே கெட்டுப்போன, வெறும் இரைச்சல் மட்டும் கேட்கிற கேசட். ஒரு பிரதி எடுத்து வைக்காதது என் தவறு. தொண்ணூறுகளில் பள்ளியின் இரண்டு இயந்திரங்களும் பழுதென்று பதிவேட்டில் கழிக்கப்பட்டு, உடைந்த பெஞ்சுகளோடு ஏலத்தில் போயின. ஏலம் எடுத்தவர் இறக்கிய பழைய இரும்புக் கடையைத் தேடி நான் போனபோது, உள்ளே இருந்த பலகைகள் தனியாகவும் பிளாஸ்டிக் தனியாகவும் எடைக்குப் போயிருந்தன. "முன்னாலேயே சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பனே வாத்தியாரே" என்றார் கடைக்காரர். உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

இப்போது, அழியாமல் இருக்கும் நிரல்களின் பக்கம் போவோம்.

அதே பிபிசி மைக்ரோவுக்கு 1984 செப்டம்பரில் 'எலைட்' என்ற விளையாட்டு வெளிவந்தது. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இருவர், டேவிட் பிராபன், இயன் பெல், எழுதியது. விண்கலத்தில் கிரகம் கிரகமாகப் போய் வணிகம் செய்யும் விளையாட்டு. எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள் தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் பெயர், ஆட்சி முறை, விலைவாசி எல்லாம் உண்டு. இத்தனையும் 32 கிலோபைட்டுக்குள் எப்படி நுழைந்தது? எதையும் அவர்கள் சேர்த்துவைக்கவில்லை. மூன்று எண்களைத் தொடக்கமாகக் கொடுத்து, அவற்றைக் கூட்டிக் கூட்டி அடுத்த எண்ணைப் பெற்று, அந்த எண்களிலிருந்தே உலகங்களை உண்டாக்கினார்கள். எங்கள் அம்மா மார்கழியில் வாசல் நிறையப் போடும் கோலத்தைப் படமாக மனத்தில் வைத்திருக்கவில்லை; புள்ளி எத்தனை, வளைவு எந்தப் பக்கம் என்ற விதியை மட்டும் வைத்திருந்தார். அதே வழி.

அந்த விளையாட்டு இன்றும் ஓடுகிறது. மூல நிரலை எழுதியவர்களில் ஒருவரே வெளியிட்டார். பிறகு தன்னார்வலர் ஒருவர் உட்கார்ந்து, அதன் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று உரை எழுதியிருக்கிறார். உரை என்ற சொல்லைத் தெரிந்தே சொல்கிறேன். நச்சினார்க்கினியர் நூற்பாவுக்கு எழுதுவதுபோலப் பதவுரையும் விளக்கமும். திரையின் மேல்பகுதியை ஒரு வகையிலும் கீழ்ப்பகுதியை இன்னொரு வகையிலும் காட்ட, படம் வரைந்துகொண்டிருக்கும் நொடியின் நடுவில் இயந்திரத்தின் அமைப்பை மாற்றும் ஒரு தந்திரம் அதில் உண்டு. அந்த இடத்துக்கான விளக்கத்தை நான் மூன்று இரவு படித்தேன்.

இயந்திரமே இல்லாமல் அதை எப்படி ஓட்டுகிறார்கள்? எமுலேட்டர் என்று ஒரு மென்பொருள். பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும்படி புதிய கணினிக்கு எழுதப்பட்ட நிரல். பிபிசி மைக்ரோவின் மூளை 6502 என்ற சில்லு, 1975இல் அமெரிக்காவின் மாஸ் டெக்னாலஜி நிறுவனம் செய்தது. ஒரு கட்டளைக்கு அது எத்தனை துடிப்பு எடுத்துக்கொள்ளும், தவறான கட்டளை கொடுத்தால் என்ன செய்யும் என்பதுவரை அளந்து எழுதியிருக்கிறார்கள். இந்தத் தவறான கட்டளை விஷயம் முக்கியம். கையேட்டில் இல்லாத கட்டளைகளையும் அந்நாள் விளையாட்டு எழுதியவர்கள் பயன்படுத்தினார்கள். கையேட்டை மட்டும் நம்பி எமுலேட்டர் எழுதினால் அந்த விளையாட்டுகள் நின்றுவிடும். 2010 வாக்கில் ஒரு சிறு குழு 6502இன் மேலுறையை அமிலத்தால் கரைத்து, நுண்ணோக்கியில் படமெடுத்து, அதிலிருந்த 3,500க்கு மேற்பட்ட டிரான்சிஸ்டர்களையும் ஒவ்வொன்றாக வரைந்து, அந்த வரைபடத்தையே திரையில் ஓடவிட்டது. பெரும்பாலும் சம்பளம் இல்லாத வேலை. தெரிந்தவர்கள் எழுதி வைத்தார்கள், அடுத்தவர்கள் திருத்தினார்கள், வேறு நாட்டில் இருப்பவர் தன் அலமாரியில் இருந்த கேசட்டை ஒலிக்கோப்பாக மாற்றி அனுப்பினார். இங்கிலாந்தின் இன்னொரு வீட்டுக் கணினியான சின்கிளேர் ஸ்பெக்ட்ரத்துக்கு 1995இலிருந்து இப்படிச் சேர்க்கத் தொடங்கி ஆயிரக்கணக்கான விளையாட்டுகளைச் சேர்த்துவிட்டார்கள். எழுதியவர்களைத் தேடிப் பிடித்து அனுமதி கேட்டார்கள். சில நிறுவனங்கள் மறுத்தன, மறுத்ததையும் பதிந்துவைத்தார்கள்.

பெரிய நிறுவனங்கள் இதைச் செய்யாதா என்று கேட்பீர்கள். ஒரு கதை சொல்கிறேன். இங்கிலாந்தில் 1086இல் வில்லியம் மன்னர் நாட்டின் பெரும்பகுதியைக் கணக்கெடுத்து 'டூம்ஸ்டே' என்ற ஏட்டை எழுதுவித்தார். அதன் 900ஆம் ஆண்டையொட்டி 1986இல் அதே பிபிசி நிறுவனம் ஒரு புதிய டூம்ஸ்டே தயாரித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் இரண்டு பெரிய லேசர் தட்டுகளில் ஏறின. அவற்றைப் படிக்க ஏகான் கணினியும் அதற்கென்றே செய்த தட்டு இயக்கியும் வேண்டும். விலை ஏறத்தாழ 5,000 பவுண்டு. பதினைந்து ஆண்டுகளில் படிக்கும் இயந்திரங்கள் அரிதாகிவிட்டன. 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் எமுலேட்டர் செய்துதான் அதை மீட்டெடுத்துக் காட்ட முடிந்தது. அந்த ஆண்டிலும் 1086இன் தோல் ஏடு படிக்கக்கூடிய நிலையில் இருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். கிளாஸ் திட்டத்துக்கான கணினிகளை இங்கேயே செய்யலாம் என்று, சண்டிகர் பக்கத்தில் மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் ஏகானிடம் உரிமம் பெற்று 'யூனிகார்ன்' என்ற பெயரில் பிபிசி மைக்ரோவைத் தயாரித்தது. சில்லு செய்வதற்காக எண்பதுகளிலேயே நாம் கட்டிய ஆலை அது. 1989 பிப்ரவரியில் தீப்பிடித்து எரிந்தது; மீண்டு எழ வெகுகாலம் ஆயிற்று. புனேயில் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் ஸ்பெக்ட்ரத்தை 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் விற்றது. லண்டனிலிருந்து வந்த என் பெரியப்பா மகன் ஒரு ஸ்பெக்ட்ரத்தைக் கொண்டுவந்தபோது எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அது தெரியவே இல்லை. அது படம் அனுப்பும் அலைவரிசை 36. எங்கள் பெட்டி தூர்தர்ஷன் வரும் தாழ்ந்த அலைவரிசைகளை மட்டுமே பிடிக்கும். விடுமுறை முழுக்கக் குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு, ரப்பர் சாவிகளை அழுத்திப் பார்த்தபடியே அவன் ஊர் திரும்பினான்.

மேட்டூர் வீடுகளுக்குள் உண்மையாகவே நுழைந்த முதல் கணினி எது தெரியுமா? இங்கே நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சிரிக்கப்போகிறீர்கள். வீடியோ கேம். ஆலைக் குடியிருப்புகளில் சம்பள நாளுக்குப் பிறகு வந்த அந்தப் பெட்டி, மஞ்சள் கேசட், படம் வராவிட்டால் எடுத்து ஊதிவிட்டுச் சொருகுவது. ஜப்பானின் நின்டெண்டோ 1983இல் வெளியிட்ட பெட்டியின் நகல்கள் அவை. மூலப் பெட்டியின் பெயரே 'குடும்பக் கணினி'தான். அதன் மூளையும் 6502 குடும்பத்தது. பள்ளியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்ட அதே சில்லின் தம்பியைத்தான் மாலையில் நடுவீட்டில் உட்கார்ந்து பிள்ளைகள் அடித்து விளையாடினார்கள். தொண்ணூறுகளில் சாவிப்பலகை வைத்த நகல்களும் வந்தன. அதில் பேசிக் மொழியும் இருந்தது. எத்தனை பெற்றோர் "கம்ப்யூட்டர்" என்று நம்பி வாங்கினார்கள்! அவர்கள் நம்பியதில் தவறே இல்லை.

அந்த விளையாட்டுகள் பாதுகாப்பாக இருக்கின்றன. மாரியோவுக்கும் எலைட்டுக்கும் ஒரு குறையும் வராது. பிபிசி மைக்ரோவோடு பெட்டியில் கூடவே வந்த 'வெல்கம்' கேசட்கூடக் கிடைக்கிறது. போன மாதம் கேட்டேன், அதே கீச்சொலி. எங்கள் பள்ளியில் அந்தக் கேசட்டுக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்திருந்ததுதான் கிடைக்கவில்லை. பழைய கணினிகளைக் காப்பதைப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களிடம் இந்த ஒன்றைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: யார் தங்கள் பொருளை எடுத்துவைத்தார்களோ அவர்கள் பொருள்தான் இருக்கிறது. நம்முடையதை நாம்தான் எடுத்துவைக்க வேண்டும்.

நம்முடையது என்று என்ன இருந்தது? பள்ளிப் பிள்ளைகளின் நிரல்கள் ஒருபுறம். இன்னொருபுறம், தமிழ். கணினியில் தமிழ் எழுதும் வேலை ஆர்வலர்களின் மேசைகளில் தொடங்கியது. 1984இல் கனடாவில் முனைவர் சீனிவாசன் 'ஆதமி' என்ற மென்பொருளை எழுதினார். 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' எழுதினார். எவரும் ஆணையிட்டு எழுதியவை அல்ல. பிறகு ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். ரோமன் எழுத்து இருக்க வேண்டிய எண்ணில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிடுவது அந்நாள் வழி. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி என்று கிடக்கும். 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. ஆனாலும் 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாடு டாம், டாப் என்ற குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும்தான் வகுத்தது. தமிழக அரசு யூனிகோடை ஆணையிட்டு ஏற்றது 2010 ஜூனில். இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளும் நாம் அச்சிட்ட திருமண அழைப்பிதழ், கோயில் தல வரலாறு, சிற்றிதழ், நினைவு மலர் எல்லாமே யாரோ ஒருவர் செய்த எழுத்துருவில் இருக்கின்றன.

நம்மூரில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்த நண்பர் ஒருவர், அணையில் மூழ்கிய ஊர்களிலிருந்து மேடேறி வந்த முதியவர்களின் பேச்சைக் கேட்டு எழுதி, சிறு நூலாக அச்சிட எண்ணிப் பேஜ்மேக்கரில் தட்டிவைத்திருந்தார். 1934இல் அணை திறந்தபோது சிறுவர்களாக இருந்தவர்கள் அவர்கள். நீர் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியுமே, அங்கே தேர் எந்தத் தெருவழியே திரும்பும், சந்தை எந்தக் கிழமை என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள். பணம் சேரவில்லை, நூல் வரவில்லை. நண்பர் காலமான பிறகு அவர் மகன் ஒரு மிட்டாய்ப் பெட்டி நிறைய ஃபிளாப்பிகளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். பதினேழு. ஆறில் காந்தப் பூச்சின்மேல் பூஞ்சை படர்ந்திருந்தது. மீதியில் பெரும்பகுதியைப் படித்துவிட்டேன். ஆனால் என்ன வந்தது தெரியுமா? பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும். பாமினி இல்லை, டாப் இல்லை, எனக்குத் தெரிந்த எதுவும் இல்லை. அந்த எழுத்துருக் கோப்பு அவர் கணினியின் வன்தட்டில் இருந்தது; வன்தட்டு எடைக்குப் போய்விட்டது. அவர் அச்சிட்ட பழைய அழைப்பிதழ்களைத் தேடிச் சேகரித்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒப்பிட்டு ஒப்பிட்டு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். கல்வெட்டு படிப்பவர் வேலைதான். 'ஊ'வும் 'ஔ'வும் இன்னும் கிடைக்கவில்லை. திருமண அழைப்பிதழில் ஔ எங்கே வரும்?

நம்மால் முடியாதது எதுவும் இதில் இல்லை என்பதற்குச் சான்று உண்டு. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலிருந்து, வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்டம்' என்ற முயற்சியைத் தொடங்கினார். உலகெங்கும் இருந்த தமிழர்கள் அவரவர் வீட்டுக் கணினியில் சங்க நூல்களிலிருந்து தனிப்பாடல் வரை தட்டினார்கள். இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். இணையத்தில் யாவருக்கும் வைத்தார்கள். ஒரு பைசா கூலி இல்லை. இந்தக் கூட்டத்துக்கு நான் இதைச் சொல்லக் காரணம் வேறு. கல்யாணசுந்தரம் முதலில் தாமே செய்த 'மயிலை' என்ற எழுத்துருவில் தொடங்கினார். பிறகு தகுதரம் எனப்பட்ட டிஸ்கி குறியேற்றம் வந்தது, அதற்கு மாறினார்கள். பிறகு யூனிகோடு, அதற்கும் மாறினார்கள். ஒருமுறை தட்டியதோடு போய்ப் படுத்துவிட்டிருந்தால் அந்நூல்களும் இன்று ஜே, கே, பி, ஓதான். ஓலைச்சுவடி செல்லரிக்கும் முன் புது ஓலைக்குப் படியெடுத்த அதே ஒழுங்கு. படியெடுத்த வீட்டில் ஏடு இருந்தது. எடுக்காத வீட்டில் ஆடிப் பதினெட்டன்று ஆற்றோடு போயிற்று. ஆடிப்பெருக்கை நம்மைவிடப் பெரிதாகக் கொண்டாடும் ஊர் எது?

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா தம் வீட்டில் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும்தான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. ஃபிளாப்பிக்கும் கேசட்டுக்கும் அப்படி ஒரு முத்தையா நமக்கு இன்னும் வரவில்லை.

சட்டம் பற்றிக் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் செய்த திருத்தத்தால் கணினி நிரலும் இலக்கியப் படைப்பு ஆயிற்று. எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. காந்தப்பூச்சு அறுபது ஆண்டு காத்திருக்காது. முறையாக வாங்கியவர் தம் பிரதி கெட்டுப்போகாமல் இருக்கப் படியெடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அதைப் பொதுவில் வைப்பதுதான் சிக்கல். ஆனால் பாரதியின் எழுத்துரிமையை 1949இல் அரசே வாங்கிப் பின்பு மக்களுக்குக் கொடுத்த மாநிலம் இது. நாட்டுடைமை என்ற சொல்லே நம்முடையது. அரசுப் பணத்தில் பள்ளிகளுக்காக எழுதிய மென்பொருளையும், கைவிடப்பட்ட தமிழ் எழுத்துருக்களையும் அதே வழியில் பொதுவாக்கினால் யாருக்கும் நட்டமில்லை. எழுதியவர்கள் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், கேட்டால் தருவார்கள். இருக்கும்போதே கேட்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்காதீர்கள். பிபிசி மைக்ரோ செய்த அதே ஏகானில், அதன் பேசிக் மொழியை எழுதிய சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற பொறியாளரோடு சேர்ந்து ஒரு புதிய சில்லை வடிவமைத்தார். அது சரியாக நடக்குமா என்று பார்க்க, பிபிசி மைக்ரோவிலேயே பேசிக்கில் அதற்கு ஒரு மாதிரியை எழுதி ஓட்டினார். 1985 ஏப்ரலில் முதல் சில்லு வந்தது. போட்டவுடன் வேலை செய்தது. அதன் பெயர் ஆர்ம். உங்கள் கையில் இருக்கும் கைப்பேசியின் மூளை அதன் வழிவந்ததுதான். நம் பள்ளிப் பையன் அணையை வரைந்ததும் அதே பேசிக்கில்.

இனி நீங்கள் வீட்டுக்குப் போனதும் பரணைப் பார்ப்பீர்கள் என்ற நம்பிக்கையில் சில விவரங்கள். கேசட் கிடைத்தால் முதலில் அந்தப் பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிடுங்கள். பாட்டுக்கு நடுவில் கீச்சொலி கேட்டால் அழித்துவிடாதீர்கள், அது நிரலாக இருக்கலாம். அதை ஒலிக்கோப்பாகப் பதியும்போது எம்பி3யாகச் சுருக்க வேண்டாம். காது கேட்காத நுணுக்கத்தை அது வெட்டிவிடும், கணினிக்கு அந்த நுணுக்கம்தான் வேண்டும். சரியாகப் படிக்கவில்லை என்றால் டேப் ரெக்கார்டரின் தலைக்குப் பக்கத்தில் ஒரு சிறு திருகாணி இருக்கும். ஒலி கூர்மையாகும்வரை அதை இம்மி இம்மியாகத் திருப்பிப் பார்க்கலாம். ஃபிளாப்பியில் பூஞ்சை தெரிந்தால் எந்த இயக்கியிலும் போடாதீர்கள். இயக்கியின் தலையும் கெடும், அடுத்துப் போடும் நல்ல தட்டும் கெடும். பலகையில் கண்ணாடிச் சன்னல் வைத்த சில்லு இருந்தால் அதன்மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பிய்க்கக் கூடாது. வெயிலின் புற ஊதா ஒளி பட்டுப் பட்டு உள்ளே எழுதியிருப்பது அழியும். பெட்டி பழுத்து மஞ்சளாகி இருந்தால் கவலை வேண்டாம். ஈரோட்டிலும் திருப்பூரிலும் துணி வெளுக்கப் பயன்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான் அதற்கும் மருந்து. அது பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

எழுத்துருக் கோப்புகளை மறக்காதீர்கள். பழைய டி.டி.பி. சென்டர் எதுவாக இருந்தாலும், வன்தட்டைக் கொடுக்கும் முன் அந்த ஒரு கோப்புறையை மட்டுமாவது படியெடுத்து வையுங்கள்.

பிபிசி மைக்ரோ ஒன்று கிடைத்துவிட்டால், அதிலும் ஒரு காலத்தில் நம் மாவட்டப் பள்ளியில் இருந்தது கிடைத்துவிட்டால், தயவுசெய்து உடனே பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். அதன் மின்வழங்கிக்குள் மஞ்சள் நிறத்தில் ஒளி ஊடுருவும் உறை போட்ட இரண்டு மின்தேக்கிகள் இருக்கும். நாற்பது ஆண்டில் அந்த உறை விரிசல் விட்டு ஈரத்தை இழுத்திருக்கும். மின்சாரம் பட்ட சில நிமிடத்தில் நாற்றமெடுத்த புகையோடு வெடிக்கக்கூடும். மாற்றுவதற்குச் சில ரூபாய்தான் ஆகும், அரை மணி நேர வேலை. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். நான் மாற்றித் தருகிறேன். அந்தப் பையன், இப்போது அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, கொள்ளளவு அட்டவணை எழுதியிருந்த அப்பாவின் நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறான்.